கிதாபுகளை ஏற்ற வந்த லொறி

நூலகத்தின் பின்னறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களை வெளியே ஒருவருக்கும் தெரியாது. வாசகர் முன்மேசையில் இருப்பவருக்குத்தான் சலாம் சொல்வார், வணக்கம் சொல்வார். அவர் கையில் இருக்கும் புத்தகத்துக்கு எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றி, கிழிந்த இடத்தைத் தைத்து, கடைசிப் பக்கத்தில் இரவல் நாள் குறிக்கும் திகதித் தாள் ஒட்டி, முதுகில் இலக்கம் எழுதி அனுப்பிய ஆள் யார் என்று கேட்கமாட்டார். நான் அந்த அறையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதில் மனக்குறை இல்லை. கேட்டிருந்தால் என்ன பிழை விட்டேனோ என்று பயந்திருப்பேன்.

ஓம், நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஹோல்ட் வரை வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போகிறவள். ஒரு புத்தகத்துக்கு எண் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், சோறு பிசையும்போது கை நின்றுவிடும். அது மீன்வளமா, விலங்கியலா, சரியான இடத்தில்தான் வைத்தேனா? "உம்மாக்குச் சோத்துக்குள்ளயும் நம்பர் தெரியுது" என்று என் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும். இந்தத் தொழிலில் பயம் ஒரு குறை இல்லை. அதை நான் நம்புகிறேன், காரணத்தையும் சொல்கிறேன்.

நான் படித்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மாம்புரியில் வாப்பாவுக்கு வெங்காயமும் மிளகாயும் போடும் தோட்டம் இருந்தது. உம்மா நோயில் படுத்ததும் எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே. கலியாணம் முடித்து வந்த ஊரில் நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. எந்த நூலகம் என்று எழுதமாட்டேன். அங்கே இப்போதும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பின்னறையைக் கூட்டும்போது மேசையில் கிடக்கும் புத்தகங்களைத் தூக்கித் துடைத்து, கிடந்த அதே வரிசையில், அதே கோணத்தில் வைப்பேன். ஒழுங்கு தெரிந்து செய்ததில்லை, ஏச்சு விழும் என்ற பயத்தில் செய்தது. அதைக் கவனித்த அப்போதைய பொறுப்பாளர், "இவவ விளக்குமாத்தோட விட்டா நட்டம்" என்று சொல்லிப் புத்தகம் தைக்க எடுத்துக்கொண்டார்.

பிறகு பள்ளிக்கூடத்தில் எழுதாமல் போன சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் போனேன். மண்டபத்து வாசலில் நின்ற மேற்பார்வையாளர், பிள்ளையைக் கூட்டிவந்த தாய் என்று நினைத்து என்னை வெளியே மரத்தடியில் நிற்கச் சொன்னார். நானும் பயத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பரீட்சை பாஸானதும் நூலகவியல் படிப்பு. சனிக்கிழமைகளில் விடியமுன் எழும்பி சிலாபம் வரை பஸ்ஸில், அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சி. திரும்பி வரும்போது கோச்சிக்குள் நின்றபடி பாடத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன். கடைசியில் பின்னறைக் கதவில் "தொழில்நுட்பச் சேவைகள்" என்று பலகை அடித்து, அதன் கீழ் என் பெயரை எழுதினார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் கிட்டப் போய் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கவில்லை. அன்றைக்கு நடந்து வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று இருந்தது.

என் அறையில் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தேன். போத்தல் பசை கூடாது. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் கொஞ்சம் துருசு போட்ட பசைதான். போத்தல் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். மாப்பசையை ஈரம் காட்டிக் கழற்றலாம். இரண்டாவது, நூலக முத்திரையைக் கடைசியாகத்தான் குத்த வேண்டும். எல்லா வேலையும் முடிந்து, நான் ஒருமுறை பார்த்த பிறகு. முத்திரை என் மேசை லாச்சிக்குள் பூட்டியிருக்கும். "ராத்தாட பகுதியில புத்தகம் பழுத்துத்தான் வெளிய வரும்" என்று, என்னை அக்கா முறையில் ராத்தா என்கிற முன்மேசைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டேன். பிழை வரும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்தால் வரும் என்றுதான் தெரியாது.

அது வந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. கற்பிட்டிப் பக்கத்தில் தென்னந்தோட்டம் உள்ள ஒரு ஹாஜியார் தன் வாப்பா சேர்த்து வைத்த மார்க்கக் கிதாபுகளை எங்கள் நூலகத்துக்குக் கொடுத்தார். ஒரு அலுமாரி நிறைய. அதில் ஒரு தட்டு முழுக்க அரபுத் தமிழ்க் கிதாபுகள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய புத்தகங்கள் அவை. எழுத்து வலமிருந்து இடமாகப் போவதால் புத்தகமும் அந்தப் பக்கத்தால்தான் திறக்கும். எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் புத்தகம் தைக்கும் ஒருவரே ஒரே மாதிரிக் கபிலத் துணி போட்டுக் கட்டியிருந்தார். இரண்டு பக்கத்து அட்டையும் மொட்டை. பெயர் இல்லை. உள்ளே வெற்றுத் தாளும் இல்லை. அட்டையைத் திறந்தால் நேரே பிஸ்மி, இறைவன் பெயரால் தொடங்கும் முதல் வரி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அலுமாரியைத் திறந்து வைப்பது என்று முடிவு. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை சிலாபம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிளினிக் நாள். பயப்படுகிற ஆளுக்கு பிரஷர் வராமல் என்ன செய்யும்? அறையில் மெர்லினை விட்டுவிட்டுப் போனேன்.

மெர்லின் சிலாபம் பக்கத்து மீன்பிடி வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் பழுதில்லாத கை. பயிற்சிக்காக வந்திருந்தாள், அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்கக் கடிதம் வரவேண்டும். அந்தச் சம்பளத்தை வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை நான் வந்தபோது அந்தத் தட்டுக் கிதாபுகள் முழுக்க மேசையில் அடுக்கியிருந்தன.

"அக்கா, எல்லாம் முடிச்சிட்டேன். முத்திரை மட்டுந்தான் மிச்சம்" என்றாள்.

நான் மேலே இருந்த ஒன்றை எடுத்து வலப்பக்கத்தால் திறந்தேன். பிஸ்மியின் மேல் எங்கள் திகதித் தாள். கோணலில்லாமல், சுருக்கமில்லாமல், அழகாக ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் அப்படி. அதற்கடுத்ததிலும்.

"இத எங்க ஒட்டின பிள்ள?"

"கடைசிப் பக்கத்துல. சட்டப்படி."

"இது கடைசி இல்ல. இதுதான் தொடக்கம்."

அவள் கிதாபை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "அனே அக்கா" என்று சிங்களத்தில் பதறியவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

நூலகரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் நூலகர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் ஆள், கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "ராத்தா, கழட்டலாமா?" என்று கேட்டார்.

ஒன்றை எடுத்து, ஈரத் துணியை நாடாபோலக் கிழித்து வைத்து, பசை இளகும்வரை பார்த்திருந்து, மழுங்கின கத்தியால் தூக்கினேன். தாள் முழுசாக வந்தது. எழுத்து ஒன்றும் போகவில்லை. மாப்பசையைப் பகிடி பண்ணினவர்களை அந்த நிமிடம் நான் நினைக்காமல் இல்லை. ஆனால் பக்கத்தில் ஈரம் ஏறின இடம் ஓரமாக லேசாகத் தெரிந்தது. தொழில் தெரியாதவர் காணமாட்டார்.

"அப்ப சரி" என்றார் நூலகர். "மத்ததயும் கழட்டிருங்க. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"சேர், ஹாஜியாருக்கு போன் பண்ணுவோம். வந்து பாக்கட்டும். அவர் சொன்னா மத்ததக் கழட்டுறேன்."

"உங்களுக்கு விசரா ராத்தா? வெள்ளிக்கிழம திறப்பு. இப்ப போய்ச் சொன்னா அவர் சும்மா இருப்பாரா?"

"இருக்கமாட்டார். எனக்கும் பயந்தான். ஆனா மறைச்சா, அவர் இந்தப் பக்கம் வார ஒவ்வொரு நாளும் பயப்படணும். அதுக்கு என்கிட்ட பிரஷர் குளிச காணாது."

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் போனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிள்ளைகளே, இதை நேர்மை என்று நினைத்து என்னைப் புகழவேண்டாம். யோசித்துப் பாருங்கள். ஒருவர் தன் வாப்பாவின் புத்தகத்தை நம்பி எங்களிடம் தந்திருக்கிறார். அதில் ஏற்பட்ட ஈரத்தை அவராகவே பிறகு ஒரு நாள் கண்டால், அன்றைக்கு எங்கள் வாயில் என்ன இருக்கும்? பிழையை நாங்கள் சொன்னால் அது வேலையில் நடந்த பிழை. அவர் கண்டுபிடித்தால் அது களவு. பயந்த ஆள் இந்தக் கணக்கைச் சீக்கிரம் போட்டுவிடுவார். அதுதான் பயத்தின் உபயோகம்.

ஹாஜியார் அடுத்த நாள் காலை வந்தார். தனியாக வரவில்லை, தேங்காய் ஏற்றும் சின்ன லொறியையும் கொண்டுவந்தார். லொறி எங்கள் பின்னறை வாசலோடு ஒட்டிப் பின்பக்கமாக வந்து நின்றதைப் பார்த்ததும் நான் கிதாபுகளை மேசையின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"எங்கட வாப்பா கை கால் கழுவி ஒளு செய்யாம இந்தக் கிதாபத் தொடமாட்டார்" என்றார். சத்தம் போடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "அதுல பிஸ்மிக்கு மேல கடதாசி ஒட்டி வச்சிரிக்கீங்க. ஆரு ஒட்டின?"

நூலகரின் கண் கடதாசி அடுக்கும் உள்ளறைக் கதவுப் பக்கம் போனது. அங்கே மெர்லின் நின்றுகொண்டிருந்தாள்.

"சேர், ஆரு எண்டு நான் கேக்கிறேன். அந்த ஆள இங்க இருந்து அனுப்புங்க. இல்லாட்டிக் கிதாப் லொறியில ஏறும். ரெண்டுல ஒண்டு."

எனக்கு அந்தப் பிள்ளையும் வேண்டும், கிதாபும் வேண்டும். அந்தத் தட்டில் இருந்தவை போன்ற கிதாபுகள் எத்தனை வீடுகளில் அலுமாரிக்குள்ளேயே கறையானுக்குப் போயின என்று எனக்குத் தெரியும். லொறியில் ஏறினால் அவையும் அந்த வழிதான். மெர்லினை அனுப்பினாலோ, அடுத்த மாதக் கடிதம் வராது. அது மட்டுமில்லை. ஒரு கிறிஸ்தவப் பிள்ளை பிஸ்மியை மூடி ஒட்டிவிட்டாள் என்ற கதை அந்த வாசலைத் தாண்டினால், கடைத்தெருவுக்குப் போகுமுன் அதற்குக் கொம்பு முளைக்கும். அந்தக் காலம் அப்படிப்பட்ட காலம்.

"ஹாஜியார்" என்றேன். "இந்த அறையில ஒட்டுறதுக்குப் பொறுப்பு நான். கதவுல என்ட பேர்தான் இரிக்கி. அனுப்புறதெண்டா என்னை அனுப்புங்க. ஆனா நீங்க இன்னும் கிதாபப் பாக்கவே இல்ல. முதல்ல பாருங்க."

"பாக்கத்தான் வந்தேன்" என்று மேசையில் இருந்து ஒன்றை வெடுக்கென்று எடுத்தார். இடப்பக்க அட்டையைத் திறந்தார். ஒரு தாளைத் தள்ளினார். இன்னொன்று. முகம் சுருங்கியது.

"எங்க? இதுல ஒண்டும் இல்லயே."

அவர் மெர்லின் திறந்த அதே பக்கத்தால் திறந்திருந்தார்.

எனக்கு விளங்கியது. நூலகருக்கும் விளங்கியது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, "ஹாஜியார், நீங்க திறந்தது" என்று தொடங்கினார்.

"சேர், ஹாஜியாருக்கு ஒரு பிளேன்டீ சொல்றீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் தேநீர் சொல்ல வெளியே போனார்.

என் முப்பது வருடத்தில் நான் பெருமைப்படுகிற வேலை எது என்று கேட்டால், போட்ட எண்களைச் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் சொல்வேன். ஒரே ஒரு வசனம் போதும், வாதம் எங்கள் பக்கம் வந்துவிடும். அந்தப் பிள்ளையும் தப்பிவிடுவாள். ஆனால் அந்த மனிதர் தன் வாப்பாவின் கிதாபை முன்பின் தெரியாமல் திறந்தவராக, எங்கள் முன்னால் நின்றிருப்பார். அப்படி நின்றவர் அதன் பிறகு நூலகத்துக்குள் கால் வைப்பாரா? வாதத்தில் வென்று புத்தகத்தைத் தோற்பது எங்கள் தொழில் இல்லை.

ஹாஜியார் இன்னொரு தாளைத் தள்ளப் போனார். விரல் நின்றது. கிதாபை மெதுவாக மூடினார். இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருப்பி, வலப்பக்கத்தால் திறந்தார். திகதித் தாள் அங்கே இருந்தது.

நான் கிட்டப் போய் அட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"அட்டையில பேர் இல்ல ஹாஜியார்" என்றேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. நாங்க ஒட்ட முந்திப் பேர் எழுதியிருக்கணும்."

"வாப்பா எழுத விடமாட்டார்" என்றார். "அவருக்குக் கையில எடுத்தாலே தெரியும், எந்தக் கிதாப், எந்தப் பக்கம் எண்டு." கதிரையை இழுத்து இருந்தார். "எனக்குத் தெரியா தங்கச்சி. நான் இதுகளத் திறந்து எவ்வளவு காலம்."

அப்போதுதான் மெர்லின் தானாகவே வெளியே வந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

"ஒட்டினது நான்தான்" என்றாள். "அக்கா அண்டைக்கு இருக்கல்ல."

ஹாஜியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எழுத்துக்கு மேல ஒட்டேக்க உனக்கு ஒண்டும் தோணல்லயா?"

"தோணிச்சு. சுத்திவரப் பூ வச்சு வடிவா இருந்துச்சு. எங்கட பூசைப் புத்தகத்துல முடியிற இடத்துலதான் அப்பிடிப் பூ போட்டிருக்கும். அதான் முடிவு எண்டு நினைச்சேன்." மேசையைப் பார்த்தபடி, "ஒட்ட மனசே வரல்ல. ஆனா சட்டம் கடைசிப் பக்கம் எண்டுதானே?" என்றாள்.

அவர் தாடியைத் தடவினார். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. "கழட்டத் தெரியுமா?"

"அக்கா காட்டித் தந்திரிக்கா."

"அப்ப என் முன்னால கழட்டு."

நான் கழற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது அவளை. ஈரத் துணியையும் கத்தியையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றேன். எனக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை. அவள் அவசரப்படவில்லை. தாள் இளகி, ஒரு மூலையால் எழும்பி, முழுசாக வந்தது. பிஸ்மி வெளியே வந்ததும் ஹாஜியார் கையை நீட்டி வாங்கினார். ஈரம் காயட்டும் என்று திறந்தபடியே பிடித்துக்கொண்டு, தன்னை அறியாமல் வாசிக்கத் தொடங்கினார். முதலில் தட்டித்தடுமாறித்தான். பிறகு கொஞ்சம் ஓடியது.

மெர்லின் இரண்டாவது கிதாபை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, இது தமிழ்."

"ஓம், தமிழ்தான்."

"எனக்கு விளங்குது" என்றாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் வாசித்த இடம், பயணம் போகிறவர் எப்படிப் போகவேண்டும் என்பது பற்றியது. கடலுக்குப் போகிறவர் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அதில் வந்தது.

"எங்கட பப்பாக்கு இத ஆராவது வாசிச்சுக் காட்டணும்" என்றாள் மெர்லின். "சொல்லாமத்தான் இறங்குவார். அம்மா கரையில நிண்டு ஏசுவா."

ஹாஜியார் தலையைத் தூக்கினார். "அப்ப உங்கட பப்பாவும் எங்கட வாப்பா மாதிரித்தான். இத வச்சுக்கொண்டே அவரும் சொல்லாமப் போனவர்" என்றார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்லமாட்டேன், தாடி கொஞ்சம் அசைந்தது. "நீ கழட்டு. நான் வாசிக்கிறேன்."

மதியத்தில் லுஹர் தொழப் போனபோது மட்டும் எழும்பினார். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார். மெர்லின் ஒவ்வொன்றாகக் கழற்றினாள், அவர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாசித்தார். நூலகர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஓரத்தில் ஈரத் தடம் இருந்த கிதாபை நானே எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

பின்னேரம் லொறிக்காரர் வாசலில் தலையை நீட்டினார். வெயிலில் காத்திருந்து முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஹாஜியார், இப்ப ஏத்தவா?"

ஹாஜியார் கிதாபை மூடி, எந்தப் பக்கம் என்று பார்த்து, மேசையில் வைத்தார்.

"ஓம், ஏத்து. வீட்ட போய் ஏத்து. எங்கட வீட்டு அறையில இன்னும் ரெண்டு அலுமாரி கிதாப் இரிக்கி. பூட்டினபடி தூக்காத, தட்டுத்தட்டா எடுத்து, சாக்கு விரிச்சு ஏத்தி இங்க கொண்டு வா." பிறகு என்னைப் பார்த்தார். "அத உங்களுக்குச் சொல்லல்ல தங்கச்சி. தரப் பயமா இருந்துச்சு."

"காலையில ஒண்டு சொல்றது, பின்னேரம் ஒண்டு சொல்றது" என்று முணுமுணுத்தபடி லொறிக்காரர் இறங்கிப் போனார். மெர்லின் ஓடிப்போய் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். நான் எழுந்து நின்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு அலுமாரி. ஜன்னல் பக்கம் வைத்தால் மழைச்சாரல், சுவர்ப் பக்கம் வைத்தால் கறையான். எங்கே வைப்பது என்ற கவலை எனக்கு அந்த நிமிடமே தொடங்கிவிட்டது.